கோட்டை இல்லாத கோட்டை: ஒரு நகரம் எப்படி வளர்கிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அக்காவின் மகளைக் கூட்டிவரக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை. கொழும்புக்கு வருவது இதுதான் முதல் தடவை. பையை என் கையில் தந்துவிட்டு, வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"கோட்டை எங்க மாமா?"

நியாயமான கேள்வி. அவள் ஊரில் கோட்டை என்றால் அகழியும் மதிலுமாகக் கண்முன்னே நிற்கும். கொழும்புக் கோட்டையில் வங்கியும் ஹோட்டலும் கண்ணாடிக் கட்டடங்களும்தான் நிற்கின்றன. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோட்டை ரயில் நிலையம் இருப்பது கோட்டையில் கூட அல்ல, புறக்கோட்டையில். அதாவது கோட்டைக்கு வெளியே.

அன்று அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கி இரண்டு நாள் ஊர் சுற்றினோம். நகரம் எப்படி வளர்கிறது, எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் வேறு யாருக்காவது உதவும் என்று அதை இங்கே எழுதுகிறேன். பாடப்புத்தகம் தேவையில்லை. ஒரு பஸ் சீசன் ரிக்கெட் இருந்தால் போதும்.

முதலில் பெயர்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1656இல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு ஒல்லாந்தர் அதைப் பிடித்துத் தங்கள் வசதிக்கு மாற்றிக் கட்டினார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869ஐ ஒட்டி ஆங்கிலேயரே மதில்களை இடிக்கத் தொடங்கினார்கள். மதில் போய் 150 வருடம் ஆகிறது. ஆனால் பஸ் நடத்துநர் இன்றைக்கும் "கோட்டை, கோட்டை" என்றுதான் கூவுகிறார். கறுவாத்தோட்டத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கறுவாச் செடி ஒன்றும் மிச்சமில்லை. தூதரகங்களும் பெரிய வீடுகளும் இருக்கின்றன. கொம்பனித்தெருவை விட்டுக் கொம்பனி எப்போதோ போய்விட்டது. புதுக்கடையில் கடையைவிடக் கறுப்புக் கோட்டுகள்தான் கண்ணில் படும், அது நீதிமன்றங்களின் இடம். நான் இருக்கும் வெள்ளவத்தைக்குச் சிங்களத்தில் மணற்கரைத் தோட்டம் என்பதுபோலப் பொருள். மணல் கடற்கரையில் கொஞ்சம் இருக்கிறது. தோட்டத்துக்கு மாடியில் பூச்சட்டி வைத்தால்தான் உண்டு.

ஆக, நகரம் மாறுகிறது, பெயர் அப்படியே நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு நகரத்தில் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. எது சீக்கிரம் மாறும், எது மாறவே மாறாது என்று பிரித்துப் பார்க்கப் பழகினால், எந்த ஊருக்குப் போனாலும் அதன் வயதைக் கொஞ்சம் கணிக்கலாம்.

மிக வேகமாக மாறுவது பயன்பாடு. நேற்றுப் புடைவைக்கடை, இன்று கைபேசிக் கடை, நாளை மருந்தகம். அதற்கு ஒரு பெயர்ப்பலகையும் இரண்டு கிழமைத் தச்சுவேலையும் போதும். கறுவாத்தோட்டத்துக் குதிரைப்பந்தயத் திடல் இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுபாதையாக இருந்தது. 1942இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது அங்கிருந்தும் போர் விமானங்கள் எழும்பின. இப்போது அங்கே றக்பி ஆடுகிறார்கள். பழைய பார்வையாளர் மண்டபத்தில் கடைகள் இருக்கின்றன. குதிரை, விமானம், பந்து என்று மூன்றையும் ஒரே புல்தரை தாங்கியிருக்கிறது.

கட்டடம் அதைவிட மெதுவாக மாறும். புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால அருங்காட்சியகம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்த ஆளுநர் ஒருவர் குடியிருந்த வீடு அது. பின்னர் மதக்கல்லூரியாகவும் அநாதை இல்லமாகவும் மருத்துவமனையாகவும் தபாலகமாகவும் இருந்துவிட்டு, கடைசியில் அருங்காட்சியகம் ஆனது. சுவர் ஒன்றுதான், உள்ளே இருந்தவர்கள்தான் வேறுவேறு. கோட்டையில் உள்ள பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையும் அப்படித்தான். ஒரு காலத்தில் பொலிஸ் நிலையமாக இருந்தது. 2011இலிருந்து உணவகங்களும் கடைகளும்.

கட்டடத்தைவிட மெதுவாக மாறுவது தெருவின் கோடு. புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து ஐந்தாம் குறுக்குத் தெரு வரை நடந்து பாருங்கள். பிரதான வீதியை வெட்டிக்கொண்டு, அளவுகோல் வைத்துக் கீறியதுபோலப் போகின்றன. ஒல்லாந்தர் போட்ட கட்டம் அது. அவர்கள் கட்டிய வீடுகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் மிச்சம். கட்டம் அப்படியே கிடக்கிறது. காரணம் எளிது. ஒரு கட்டடத்தை இடிக்க ஒரு சொந்தக்காரர் சம்மதித்தால் போதும். ஒரு தெருவை நகர்த்த அதன் இருபக்கமும் உள்ள அத்தனை காணிக்காரரும் சம்மதிக்க வேண்டும். தெருவுக்குக் கீழே தண்ணீர்க் குழாயும் வடிகாலும் வேறு ஓடுகின்றன. அதனால் முந்நூறு வருடத்துக்கு முன் கை வண்டிக்குப் போட்ட தெருவில் இன்று லொறியைப் பின்னுக்கு எடுக்கிறார்கள். மூட்டை சுமக்கும் நாட்டாமி ஒருவர் அதற்கு இடையில் புகுந்து போகிறார். அவருக்கு அந்தத் தெரு இன்னும் சரியான அளவுதான்.

துறைமுகமும் ஒரு பத்துப் பதினைந்து வருடமும்

சரி, நகரம் ஏன் இந்த இடத்தில் முளைத்தது? இதற்கு எப்போதும் இரண்டு பதில் தேட வேண்டும். ஒன்று, அந்த இடத்தின் நிலம் எப்படி என்பது. மற்றது, அது எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கிறது என்பது. இரண்டாவதுதான் பெரும்பாலும் வெல்லும்.

கொழும்பின் இயற்கைத் துறை அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கப்பல்களுக்குச் சரியான ஒதுக்கிடம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பெரிய நீராவிக் கப்பல்கள் காலியில்தான் நின்றன. ஆனால் கொழும்புக்குப் பின்னால் மலைநாடு இருந்தது, மலைநாட்டில் கோப்பி இருந்தது. முதலில் மாட்டுவண்டியில் இறங்கிய கோப்பி, 1867இல் கண்டி வரை ரயில் பாதை போட்டதும் பெட்டி பெட்டியாகக் கொழும்புக்கு வந்தது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கும் கிழக்குக்கும் போகும் கப்பல்களின் வழியில் இலங்கை நேராக வந்து உட்கார்ந்தது. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேல் அலைதடுப்புக்கு அடிக்கல் வைத்தார்கள்; 1885இல் வேலை முடிந்தது. அதோடு காலியின் காலம் போயிற்று. இத்தனைக்கும் நடுவில் கோப்பியை இலைநோய் தின்றுவிட்டது. அந்த நோய் இங்கே தெரியவந்ததும் அதே 1869இல்தான். ஆனால் ரயிலும் துறைமுகமும் கோப்பிக்கு மட்டும் என்று எழுதி வைக்கப்படவில்லையே. தேயிலை வந்து அதே பெட்டிகளில் ஏறிக்கொண்டது.

நகர வளர்ச்சியைப் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு நகரத்தை வளர்த்த காரணம் செத்துப்போகலாம். அந்தக் காரணத்துக்காகக் கட்டிய பாதையும் துறையும் அடுத்த காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பணப்புழக்கத்தில்தான் நம்மவர்களின் கொழும்பும் உருவானது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடற்கரையை ஒட்டிய தெருவில் வட்டிக்கடை வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது கடல் தெரு, நமக்குச் செட்டியார் தெரு. வட்டிக்கடைகள் குறைந்து, இன்று இரண்டு பக்கமும் நகைக்கடைகள். தாலி வாங்க வருகிறவர்களில் பலருக்கு அங்கே ஏன் செட்டியார் என்ற பெயர் என்று தெரியாது. கதிரேசன் கோவிலைக் கண்டால் ஓரளவு பிடிபடும்.

ஒரே தெருவில் ஏன் இத்தனை நகைக்கடை என்று மருமகள் கேட்டாள். பக்கத்துக் கடைக்காரன் போட்டிக்காரன் அல்லவா, தூரப் போய் வைக்கக் கூடாதா? வியாபாரி அப்படி யோசிப்பதில்லை. பத்துக் கடை ஒன்றாக இருந்தால் நகை வாங்க நினைக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருவுக்குத்தான் வருவார். அவர் வந்தால் பத்தில் ஒரு பங்கு எனக்கு. தனியாக இருந்தால் அவர் வரவே மாட்டார். பொற்கொல்லரும் கல் பதிப்பவரும் நகைப்பெட்டி விற்பவரும் அருகிலேயே கிடைப்பார்கள். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்பதற்கும் இதே கணக்குத்தான். அன்றைய வெங்காய விலை அந்தத் தெருவில்தான் தீர்மானமாகிறது. அதனால் வெங்காயக்காரர் வேறெங்கும் போக முடியாது.

அரை மணி நேரக் கணக்கு

இத்தாலிய இயற்பியலாளர் சிசாரே மார்க்கெட்டி 1994இல் ஒரு விஷயத்தை எழுதினார். மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குச் செலவிடுகிறார்கள்: போக அரை மணி, வர அரை மணி. வாகனம் வேகமானால் அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க மாட்டார்கள், இன்னும் தூரமாகக் குடிபோவார்கள். துல்லியமான சட்டம் என்று இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கொழும்பில் வைத்துப் பார்த்தால் நன்றாகவே பொருந்துகிறது.

காலால் நடந்த காலத்தில் கொழும்பு என்பது கோட்டை, புறக்கோட்டை, அதை அடுத்த கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, புதுக்கடை. அவ்வளவுதான். அரை மணியில் நடந்துவிடலாம். அன்றைக்குப் பணக்காரர்களின் வீடுகள் முகத்துவாரம் பக்கம், கடற்காற்று படும் மேட்டில் இருந்தன. புறக்கோட்டையே ஒரு காலத்தில் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடியிருந்த அமைதியான இடம். துறைமுகம் பெருத்து, கரிப்புகையும் களஞ்சியங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் வடக்கே பரவ, வசதியுள்ளவர்கள் தெற்கேயும் கிழக்கேயும் நகர்ந்தார்கள். கறுவாத்தோட்டம் அப்படித்தான் மாளிகை வரிசையானது. விட்டுப்போன பெரிய வீடுகளைத் துண்டு போட்டு வாடகைக்கு விட்டார்கள். பின்வளவுகளில் வரிசை வீடுகள் முளைத்தன. கொழும்பில் 'தோட்டம்' என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகள் பலவற்றின் தொடக்கம் இது. ஏழைகள் துறைமுகத்தை விட்டுத் தூரம் போக முடியாது, அவர்களுக்கு வாகனம் கால்தானே.

1899இல் மின்சார ட்ராம் வந்தது. கோட்டையிலிருந்து பொரளைக்கு ஒரு பாதை, கிராண்ட்பாசுக்கு ஒரு பாதை. நடந்தால் ஒரு மணி நேரமாகும் பொரளை, சம்பளக்காரர் குடியிருக்கக்கூடிய தூரத்துக்கு வந்தது. ட்ராம் 1960இல் நின்றுபோனாலும் அது இழுத்துவிட்ட ஊர் அங்கேயே இருக்கிறது. அதற்கு முன்பே, 1870களில், கரையோர ரயில் தெற்கே மொறட்டுவை, களுத்துறை என்று நீண்டிருந்தது. பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் கோட்டை அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு வசதியான இடமாக மாறியதற்கு அந்தத் தண்டவாளமே முதற்காரணம். வரைபடத்தில் பார்த்தால் காலி வீதிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒழுங்கைகள் ஏணிப்படிபோல இருக்கும். பழைய தென்னந்தோட்டங்களைத் துண்டுபோட்ட தழும்பு.

அப்புறம் பஸ். 138ஆம் இலக்க பஸ் ஹைலெவல் வீதியால் நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை என்று ஓடுகிறது. அது ஓடிய வழியெல்லாம் நகரம். வீதியை ஒட்டிக் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ஒரு காலத்து வயல். நகரம் வட்டமாக வளரும் என்று படத்தில் வரைவார்கள்; உண்மையில் அது விரல்களை நீட்டியதுபோலத்தான் வளரும். 2011இல் தெற்கு அதிவேக வீதியும் 2013இல் கட்டுநாயக்க அதிவேக வீதியும் திறந்தபின் விரல் இன்னும் நீண்டது. அரை மணி என்ற கணக்கு மாலை ஐந்து மணிக்கு ஹைலெவல் வீதியில் நிற்கிறவர்களுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மார்க்கெட்டி 138இல் ஏறியிருந்தால் வேறு கட்டுரை எழுதியிருப்பார்.

இதனால் நடந்த ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் 1981 குடிசன மதிப்பீட்டில் சுமார் 5 இலட்சத்து 87 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் சுமார் 5 இலட்சத்து 61 ஆயிரம். குறைந்திருக்கிறது! அதே 2012இல் கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம் பேர். பகலில் நகருக்குள் வேலை செய்து, இரவில் எல்லைக்கு வெளியே படுத்துறங்கும் ஊர் இது. மாநகர சபையின் கோடு பழையது. நகரம் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. தலைநகரமே எல்லைக்கு வெளியே, கோட்டேயில்தான். 1565இல் போர்த்துக்கீசர் கோட்டே இராசதானியைக் கைவிட்டுக் கொழும்புக் கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். 1982இல் நாடாளுமன்றம் திரும்பவும் அதே கோட்டேக்குப் போனது.

வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் காணி

வெளியே பரவுவது ஒரு வழி. மேலே போவது இன்னொரு வழி. அதற்குக் காணி விலையைப் பார்க்க வேண்டும்.

கொழும்பில் காணியைப் பேர்ச் (ஓர் ஏக்கரில் 160இல் ஒரு பங்கு) கணக்கில்தான் பேசுவார்கள். நம்மூர்க் கணக்கில் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். யாழ்ப்பாணத்தில் நாலு பரப்புக்கு மாமரம் பலாமரத்தோடு ஒரு சாதாரண வளவு இருக்கும். வெள்ளவத்தையில் ஒரு பரப்பு அகப்பட்டால் அதில் பத்துப் பன்னிரண்டு வீடு கட்டிவிடுவார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. பேராசை என்று திட்டுகிறோம், அதுவும் கொஞ்சம் இருக்கட்டும். ஆனால் ஒரு இடத்தில் இருக்க ஆசைப்படுகிறவர் கூடக் கூட, நிலத்தின் விலை ஏறும். விலை ஏற ஏற, அதே நிலத்தை ஒரு குடும்பம் மட்டும் வைத்திருப்பது கட்டுப்படியாகாது.

ஏன் வெள்ளவத்தை? ஆங்கிலேயர் காலத்தில் எழுதுவினைஞர்களாக வந்த யாழ்ப்பாணத்தவர் சிலர் ரயிலை நம்பி இங்கே குடியேறினார்கள். அவர்களைத் தேடி உறவுக்காரர் வந்தார்கள். பிறகு சைவப் பள்ளிக்கூடம், இராமகிருஷ்ண மிஷன், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம், மரக்கறிக்கடை, முருங்கைக்காய், ஒடியல்மா. புதிதாக வருகிறவர் ஒருவருக்கு இத்தனையும் ஆயத்தமாக இருக்கும் இடத்தைவிட்டு வேறெங்கே போகச் சொல்வது? 1983 யூலையில் இங்கிருந்து பலர் எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள். வீடுகள் எரிந்தன, பல வீடுகள் கைமாறின. அதற்குப் பிறகும் வடக்கிலிருந்து போர் துரத்தியவர்கள் இங்கேதான் வந்தார்கள். லொட்ஜ் அறைகளில் வருடக்கணக்கில் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய காசு தொடர்மாடிகளாக எழும்பியது.

இதற்கு அடியில் ஒரு சட்டமும் இருக்கிறது. நிலம் எல்லோருக்கும் பொது, ஆனால் மூன்றாம் மாடியின் வலப்பக்க வீடு மட்டும் எனக்கு என்று உறுதி எழுத முடிந்தால்தான் தொடர்மாடி வீட்டைத் தனித்தனியாக விற்கலாம். 1973இன் தொடர்மாடி வீட்டுடைமைச் சட்டம் அதற்கு வழிவிட்டது. அதே வருடத்தில்தான் ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்பதற்கும் சட்டம் உச்சவரம்பு போட்டது. கொழும்பின் தோற்றத்தை மாற்றியவர்கள் பட்டியலில் கட்டடக் கலைஞர்களோடு சட்ட வரைஞர்களையும் சேர்க்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

திட்டம் போட்டவர்களும் உண்டு. 1921இல் பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கொழும்பை ஒரு பூங்கா நகரமாகப் பார்த்து வரைந்தார். 1940களின் இறுதியில் பற்றிக் அபர்குரொம்பி சுற்றுப்புறத்தில் துணை நகரங்கள் அமைத்து நெருக்கத்தைக் குறைக்கச் சொன்னார். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை வந்தது. திட்டங்களில் பாதி நடந்தது, பாதி அலுமாரியில் இருக்கிறது.

தண்ணீர் மட்டும் எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. களனி கங்கையின் பள்ளத்தில், சதுப்பும் வாய்க்காலுமாக இருந்த நிலத்தில் கட்டிய ஊர் இது. சதுப்பை மண் போட்டு நிரப்பினால் காணி கிடைக்கும், ஆனால் மழைநீர் தங்க இருந்த இடம் போய்விடும். 1992 யூன் 4ஆம் திகதி ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டியபோது நகரம் அதைக் கற்றுக்கொண்டது. சதுப்பு நிலத்தை மிச்சம் வைப்பதும் நகரக் கட்டுமானத்தில் ஒரு வேலை என்ற எண்ணம் மெதுவாகத்தான் வந்தது. 2018இல் ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் உடன்படிக்கை அமைப்பு முதன்முதலாக ஈரநில நகரங்களைத் தேர்ந்தெடுத்தபோது கொழும்பும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இரண்டாம் நாள் மாலை காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றோம். கடல் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. 2014இல் தொடங்கி 269 ஹெக்டெயரை மண் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள், போர்ட் சிற்றி. பேர்ச்சில் எவ்வளவு என்று மருமகள் கைபேசியில் தட்டிப் பார்த்தாள்: ஒரு இலட்சத்து 6 ஆயிரத்துக்கும் மேல். "பத்தாயிரம் பரப்பு மாமா! ஒரு கிணறு கூட இல்லை" என்றாள். கட்டடம் அதிகம் எழும்பவில்லை, ஆனால் தெருக்கள் போட்டாயிற்று. அந்தக் கோடுகளை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை ரயிலேற்றிவிடப் போனேன். பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் தாய் கைபேசியில் அழைத்தாள். "எங்க நிக்கிறாய்?"

"புறக்கோட்டையில அம்மா" என்றாள். "கோட்டை ஸ்டேசன்ல."